தொலைபேசிப் பேச்சைப் பதிந்த கதை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி எருத்தேன்பதி என்னும் ஊர் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் மொழிவழியாக மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது சித்தூர் வட்டம் கேரளத்தோடு நின்றது. ஆயினும் எருத்தேன்பதியின் வீடுகளிலும் கடைவீதியிலும் தமிழ் இன்றும் மிகுதியாகப் புழங்கி வருகிறது. அவ்வூருக்குப் பொள்ளாச்சி அப்படியொன்றும் தொலைவன்று. ஆனால் தொலைபேசியில் அழைப்பதென்றால் சித்தூர்ப் பகுதிக்கு 04923, பொள்ளாச்சிக்கு 04259 என்று எண்களே வேறு. நடுவே ஒரு மாநில எல்லை. அந்த எல்லையையும் கடந்து, போபாலிலோ சூரத்திலோ பிழைப்பை முன்னிட்டுக் குடியேறிய எருத்தேன்பதிக்காரர் ஒருவரை நேயர்கள் மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். குத்தகைப் பணம் எந்த மாதம் வரும், கிணற்றைத் தூர் வாரும் செலவு யாருடையது, வரப்பு எதுவரை என்பதெல்லாம் தொலைபேசியிலேயே பேசி முடிவாகின்றன. பத்திரம் இல்லை, கடிதமும் இல்லை. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்று மறுமுனையில் இருப்பவர் ஒருநாள் கூறிவிட்டால் இவர் என்ன செய்வார்?

தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியைத் தேடிப் போகிறவர்களிற் பலர் இத்தகைய கவலை கொண்டவர்களே. கடைக்குச் சென்றாலோ, வீட்டுக் கம்பித் தொலைபேசிக்கு ஒன்று, அலுவலக எக்ஸ்டென்ஷனுக்கு வேறொன்று, கைப்பேசிக்கு மற்றொன்று என்று பலவாறாகச் சொல்கிறார்கள். வீட்டில் ஒழுங்காகப் பதிந்த கருவியை அலுவலகத்தில் மாட்டினால் வெறும் இரைச்சல் கேட்கிறது. ஏன் இந்த வேற்றுமை? விடையின் ஒரு பாதி மின்சார நூலில் இருக்கிறது. மறுபாதி வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, எங்கே மாட்டவே கூடாது என்பவை தாமே தெளிவாகும்.

தொலைபேசியும் ஒலிப்பதிவும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றது 1876-இல். மறு ஆண்டே எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டார். அப்போது அவர் கச்சேரியையோ பாட்டையோ கருதவில்லை. தந்திக் குறிகளைத் தாளில் பதிந்து மீண்டும் கம்பியில் செலுத்தும் கருவி ஒன்றையும், பெல்லின் தொலைபேசியைச் செம்மை செய்யும் வழியையும் ஒருசேர ஆராய்ந்துகொண்டிருந்தார். தந்திக் குறியைப் பதிய முடியுமானால் தொலைபேசியில் வரும் பேச்சையும் ஏன் பதியலாகாது என்ற எண்ணமே ஃபோனோகிராஃபுக்கு வித்திட்டது. 1878-இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் தம் கருவியால் விளையக்கூடிய பயன்களை அவர் வரிசைப்படுத்தி எழுதினார். எழுத்தரின் உதவியின்றிக் கடிதம் சொல்லுதல், பார்வையற்றோர்க்குப் பேசும் புத்தகம், மொழிகளின் உச்சரிப்பைக் காத்தல், குடும்பத்தாரின் குரலையும் அவர்களுடைய கடைசிச் சொற்களையும் சேமித்தல் என்று செல்லும் அந்த வரிசையின் முடிவில் தொலைபேசி வருகிறது. கணப்பொழுதில் மறைந்துவிடும் தொலைபேசிப் பேச்சு, ஃபோனோகிராஃபோடு இணைந்தால் நிலையான சாசனமாகும் என்பது அவர் கருத்து.

கருத்து நன்று, காரியம் கைகூடவில்லை. தொலைபேசிக் கம்பியில் வரும் மின்னோட்டம் மிக மெலிந்தது. அது காதருகே வைத்த தகட்டை அசைக்கும். தகரத்தாளிலோ மெழுகிலோ ஊசியை அழுத்திக் கோடு கிழிக்கும் வலிமை அதற்கு இல்லை. எடிசனே 1914-இல் 'டெலிஸ்கிரைப்' என்ற கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, தொலைபேசியின் ரிசீவரைப் பதிவுக் கருவியின் முன் ஒரு தாங்கியில் வைத்து, காற்றின் வழியாகவே ஒலியைப் பிடிக்கும் ஏற்பாட்டைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

மெழுகையும் ஊசியையும் விட்டொழித்தவர் டென்மார்க் நாட்டு வால்டெமார் பௌல்சன். அவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் ஊழியர். வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் அழைப்பைப் பதிந்துவைக்க ஏதேனும் வழி உண்டா என்பதே அவருடைய கேள்வி. காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்ற எண்ணத்தை அமெரிக்கரான ஓபர்லின் ஸ்மித் 1888-இலேயே வெளியிட்டிருந்தார்; கருவியாகச் செய்து காட்டியவர் பௌல்சன். ஓர் உருளையில் எஃகுக் கம்பியைச் சுற்றினார். அதன்மேல் ஒரு சிறு மின்காந்தம் ஊர்ந்து செல்லுமாறு அமைத்தார். தொலைபேசியின் மின்னோட்டத்தை அந்த மின்காந்தத்துக்குள் செலுத்தினார். பேச்சு ஏறி இறங்குவதற்கேற்ப எஃகுக் கம்பியின் காந்தச் சக்தியும் இடத்துக்கு இடம் ஏறி இறங்கி, அவ்வாறே நின்றுவிட்டது. மீண்டும் அதே காந்தத்தை அதே கம்பியின்மீது ஓடவிட்டால் பேச்சு திரும்ப வந்தது. வேண்டாமென்றால் ஒரே சீரான மின்னோட்டத்தைச் செலுத்தி அழித்துவிடலாம். 1898 டிசம்பரில் இதற்கு உரிமை கோரியபோது பௌல்சனுக்கு வயது 29. 'டெலிகிராஃபோன்' என்று பெயரிடப்பட்ட இக்கருவி 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது. அவ்வாண்டில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அதில் பேசிய சில சொற்கள் எஃகுக் கம்பியில் அப்படியே தங்கி, இன்றும் டென்மார்க்கில் காக்கப்பட்டு வருகின்றன. உலகில் எஞ்சியுள்ள காந்த ஒலிப்பதிவுகளில் அதுவே மிகப் பழையது என்பர்.

இவ்வளவு இருந்தும் டெலிகிராஃபோன் வாணிபத்தில் தோற்றது. காரணம், ஒலி மிகச் சன்னமாகக் கேட்டதே. வெற்றிடக் குழாயைக் கொண்டு மின்னோட்டத்தைப் பெருக்கும் வித்தை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. 1903-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க டெலிகிராஃபோன் கம்பெனி, முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நொடித்துப்போயிற்று.

மின்பெருக்கி வந்த பிறகும் ஒலிப்பதிவு தொலைபேசியோடு இணைந்ததா என்றால், இல்லை. இம்முறை தடை விஞ்ஞானத்தினுடையதன்று, கம்பெனியினுடையது. அமெரிக்காவில் பெல் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்பவர் 1930-களிலேயே தொலைபேசியோடு இணையும் காந்தப் பதிவுக் கருவியைச் செய்து முடித்திருந்தார். கம்பெனியின் மேலிடம் அதை வெளிவிடவில்லை. தாம் பேசுவது பதிவாகிறது என்ற ஐயம் எழுந்தால் மக்கள் தொலைபேசியையே அஞ்சி ஒதுக்குவார்கள். வியாபாரிகள் பழையபடி கடிதத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கம்பெனியின் பழைய குறிப்புக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் இதனை வெளிப்படுத்தினர். பேச்சின் உயிர் அதன் மறைவில் இருக்கிறது என்ற மட்டில், இலாபத்தை எண்ணிக் கம்பெனியார் கண்ட உண்மையை நாம் ஏளனம் செய்வதற்கில்லை.

இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தாரும் அரசாங்கத்தாரும் பதிவுக் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்திப் பழகிவிட்டனர். போர் முடிந்தபின் அவற்றைத் தடுப்பது இயலாததாயிற்று. 1947-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு சமரச வழியைக் கண்டது. பதியலாம், ஆனால் ஏறத்தாழ 15 வினாடிக்கு ஒருமுறை 'பீப்' என்ற ஓசை இரு முனையிலும் கேட்க வேண்டும். அந்த ஓசையே பேசுவோருக்கு அறிவிப்பு. இந்த யோசனை எனக்குப் பிடித்தமானது. சட்டநூல் படியாத ஒருவருக்கும் காதின் வழியே உரிமையை உணர்த்திய ஏற்பாடு அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் 1882-இல் திறக்கப்பட்டன. முதலில் கம்பெனிகளின் கையில் இருந்த இந்நகரங்களின் தொலைபேசியை 1943-இல் அரசாங்கம் தானே ஏற்றது. 1948-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையிலிருந்து கனத்த கறுப்புத் தொலைபேசிகள் வரத் தொடங்கின. சந்தாதாரர் வாடகை செலுத்துபவரேயன்றிக் கருவிக்கு உடையவர் அல்லர். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தொலைபேசியையும் 'தந்தி' என்றே கணித்தது. அதன் 25-ஆம் பிரிவின்படி, செய்தியை இடைமறிக்கும் நோக்கத்தோடு கம்பியையோ கருவியையோ தொடுவதும் குற்றம். எனவே கம்பியை அறுத்து நடுவே எதையும் இணைப்பது ஆபத்தான காரியமாயிற்று.

அறுக்காமலும் தொடாமலும் பதிய ஒரு வழி இருந்தது. அக்காலத்துக் கறுப்புத் தொலைபேசியின் வயிற்றுக்குள் ஒரு சிறிய மின்மாற்றி உண்டு. இருவர் பேச்சும் அதன் வழியாகவே போய்வரும். ஆகவே அதைச் சுற்றி ஒரு மெல்லிய காந்தப்புலம் பேச்சுக்கேற்ப அதிர்ந்துகொண்டிருக்கும். மெல்லிய கம்பியைப் பல நூறு சுற்றுச் சுற்றிய சுருள் ஒன்றை இரப்பர்க் கிண்ணத்தில் பொதிந்து, தொலைபேசியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தால் போதும். அந்த அதிர்வு சுருளில் மின்னோட்டமாகத் தோன்றும். சுருளின் மறுமுனையை டேப் ரிக்கார்டரில் செருகிவிடலாம். கருவியின்மேல் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி, ஒலி எங்கே மிகத் தெளிவாக வருகிறதோ அங்கே நிறுத்துவார்கள். இதற்கு ஒரு குறையும் உண்டு. அருகில் மின்விசிறியோ குழல்விளக்கோ இருந்தால் அவற்றின் 50 சுழற்சி மின்சாரத்தின் உறுமலும் சேர்ந்து பதிந்துவிடும். மேசைவிளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பேசுவது நல்ல பதிவுக்கு உதவும் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் அது மெய்.

இத்தகைய ஒலிப்பதிவு நம் நீதிமன்றங்களில் எவ்வாறு வரவேற்கப்பட்டது? பஞ்சாப் அரசின்மீது மருத்துவ அதிகாரி ஒருவர் தொடுத்த பிரதாப் சிங் வழக்கில், 1963-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒலிநாடாக்கள் வந்தன. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். ஒலிநாடாவில் வெட்டி ஒட்ட இடமுண்டு என்ற ஒரு காரணத்துக்காகவே அதை ஒதுக்கிவிட முடியாது. பத்திரத்திலும்தான் பொய்க் கையெழுத்து இடலாம், அதற்காகப் பத்திரமெல்லாம் தள்ளுபடியாகுமா என்ற போக்கில் அத்தீர்ப்பு அமைந்தது.

தொலைபேசியைப் பற்றிய நேரான விடை ஆர். எம். மல்கானி வழக்கில் கிடைத்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மல்கானி பம்பாயின் கொரோனர். அதாவது, ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. 1964-இல் அறுவைச் சிகிச்சைக்குப்பின் நோயாளி ஒருவர் இறந்துபோனார். சிகிச்சை செய்த மருத்துவருக்குப் பாதகமில்லாமல் விசாரணை முடிய வேண்டுமானால் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று கொரோனர் கேட்டதாகவும், பின்னர் அது 10,000 ரூபாயாக இறங்கியதாகவும் வழக்கு. நடுவிலிருந்து பேசிய மற்றொரு மருத்துவர் லஞ்ச ஒழிப்புப் போலீசாரை நாடினார். அக்டோபர் மாதத்தில் போலீசார் டேப் ரிக்கார்டரோடு அவர் வீட்டுக்கு வந்து, அவருடைய தொலைபேசியோடு அதை இணைத்தனர். மருத்துவர் கொரோனரை அழைத்துப் பேசினார். பேச்சு நாடாவில் பதிந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தந்திச் சட்டத்தை மீறிக் கம்பியில் கை வைத்துப் பெற்ற சாட்சியம் செல்லாது என்பது கொரோனர் தரப்பின் வாதம். 1972 செப்டம்பரில் நீதிபதி ஏ. என். ரே எழுதிய தீர்ப்பு இந்த வாதத்தை வெகு எளிமையாக எதிர்கொண்டது. மருத்துவர் தாம் கேட்டதைப் போலீஸ் அதிகாரியிடம் வாயால் சொல்லியிருக்கலாம். ரிசீவரைச் சற்றுத் திருப்பிப் பிடித்து அதிகாரியும் நேரே கேட்கும்படி செய்திருக்கலாம். அவற்றில் எதுவும் இடைமறித்தல் ஆகாதென்றால், அவருடைய முனையிலேயே, அவருடைய சம்மதத்தோடே ஒரு கருவி கேட்டதை மட்டும் இடைமறித்தல் என்று எவ்வாறு கூறுவது? பேச்சு போக வேண்டிய இடத்துக்குத் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. போன பிறகுதான் பதிந்தது. ஆகவே சட்டமீறல் இல்லை என்று தீர்ந்தது. கூடவே நீதிமன்றம் நிபந்தனைகளும் விதித்தது. பதிந்த பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும்; குரல் இன்னாருடையதென்று அடையாளம் காணப்பட வேண்டும்; நாடா அழிக்கவோ திருத்தவோ படவில்லை என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். நிரபராதிகளைப் போலீசார் தகாத வழியில் வேவு பார்ப்பதற்கு இத்தீர்ப்பு அனுமதியாகாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

கருவி வாங்கப் போகிறவர் மனத்தில் இருத்த வேண்டிய எல்லைக்கோடு இத்தீர்ப்பில் இருக்கிறது. பேசுகிற இருவரில் ஒருவர் தம் முனையில் பதிவது ஒன்று. பேச்சில் பங்கில்லாத மூன்றாமவர் நடுக்கம்பியில் பதிவது முற்றிலும் வேறு. பின்னது ஒட்டுக்கேட்டல். 1996 டிசம்பரில் குடியுரிமைக்கான மக்கள் கழகம் தொடுத்த வழக்கில், தொலைபேசிப் பேச்சின் அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உரிமைகளுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அரசாங்கமே ஒட்டுக்கேட்பதற்கும் வரம்பு கட்டியது. வீட்டுத் தொலைபேசியில் கருவியை மாட்டிவிட்டு வெளியே செல்கிற கணவர், தாம் இல்லாத வேளையில் மனைவி தன் தாயோடு பேசுவதைப் பதிந்தாரானால் அவர் இந்தக் கோட்டைக் கடந்தவர் ஆகிறார்; கருவி அவர் காசில் வாங்கியது என்பது வாதமாகாது. கணவனும் மனைவியும் தமக்குள் பேசிய பேச்சை ஒருவர் பதிந்திருந்தால் அது குடும்ப வழக்கில் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியதும் பங்குகொண்டவரின் பதிவைப் பற்றியதே.

பதிவு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டில் பெயர்போன சான்று ஒன்று இருக்கிறது. 1971 மே 24-ஆம் நாள் தில்லி பாராளுமன்றத் தெருவிலிருந்த ஸ்டேட் பாங்குக் கிளையின் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பிரதமர் இந்திரா காந்தியே என்று நம்பி, 60 லட்சம் ரூபாயைக் கொண்டுபோய் வழியில் காத்திருந்த ஒருவரிடம் அவர் ஒப்படைத்தார். பணத்தைப் பெற்ற ருஸ்தம் சொராப் நகர்வாலா அன்றே பிடிபட்டார். குரலை மாற்றிப் பேசியது தாமே என்றும் ஒப்புக்கொண்டார். 1972 மார்ச்சில் காவலில் இருக்கையிலேயே இறந்தார். பின்னர் விசாரணைக் கமிஷனும் அமர்ந்தது. கம்பியில் வந்த குரல் யாருடையது என்பதற்குக் காசாளரின் செவி ஒன்றே சாட்சி.

கறுப்புத் தொலைபேசி மறையத் தொடங்கியதும் இரப்பர்க் கிண்ணமும் பயனற்றதாயிற்று. 1980-களுக்குப்பின் பரவிய பொத்தான் தொலைபேசிகளில் பழைய மின்மாற்றிக்குப் பதிலாகச் சிறு மின்னணுச் சில்லுகள் புகுந்தன. மின்மாற்றி இல்லையேல் கசியும் காந்தப்புலமும் இல்லை. கிண்ணத்தை ரிசீவரின் காதுப்பக்கத்தில் ஒட்டினால் மட்டுமே ஓரளவு கேட்கும். இப்போது முகப்பதற்கு மூன்று துறைகள் உள்ளன.

முதலாவது, கம்பி. வீட்டுச் சுவரிலிருந்து வரும் இரு கம்பிகளில் இருவர் பேச்சும் ஒருசேர ஓடுகின்றன. ஆனால் அவற்றில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் எப்போதும் நிற்கிறது. மணி அடிக்கையில் 75 வோல்ட் அளவுக்கு மாற்று மின்சாரம் பாய்கிறது. டேப் ரிக்கார்டரை நேரே இணைத்தால் அது கெட்டுவிடும். அன்றியும் ரிசீவரை எடுத்துவிட்டதாகத் தொலைபேசி நிலையம் கருதி மணியே அடிக்காமல் போகும். ஆகவே நேர் மின்சாரத்தைத் தடுத்துப் பேச்சை மட்டும் கடத்தும் சிறு பெட்டி நடுவே வேண்டும். கண்டென்சரும் மின்மாற்றியும் அடங்கிய அப்பெட்டிதான் கடைகளில் கிடைக்கும் இணைப்பான். கம்பியில்லா ரிசீவர் வைத்திருப்பவர்களும் அதன் அடிப்பெட்டிக்கு வரும் கம்பியில் இதை மாட்டலாம். இன்று கண்ணாடியிழை வழியே வரும் இணைப்பிலும் வீட்டுப் பெட்டியின் பின்புறத்தில் பழைய மாதிரித் தொலைபேசித் துளை இருக்கிறது. அதிலிருந்து தொலைபேசிக்குச் செல்லும் கம்பியில் இப்பெட்டி வழக்கம்போலவே வேலை செய்யும். புதுமையின் வாலில் பழமை தொங்குவது இவ்வாறு சில வேளை நமக்குச் சாதகமாகிறது.

அலுவலகத்தில் இது பலிக்காது. பெரிய அலுவலகங்களின் உள்நிலையத்திலிருந்து மேசைக்கு வரும் கம்பியில் பேச்சு பேச்சாக வருவதில்லை. எண்களாக மாற்றப்பட்டு வருகிறது. அதில் இணைப்பானை மாட்டினால் நான் முன்னே சொன்ன இரைச்சல்தான் மிஞ்சும். கருவிக்கும் ரிசீவருக்கும் நடுவேயுள்ள சுருள்கம்பியில்தான் பேச்சு மீண்டும் பேச்சாகிறது. அங்கே நான்கு இழைகள். இரண்டு வாய்க்கு, இரண்டு காதுக்கு. அந்த இடத்தில் செருகும் இணைப்பான் இரண்டாவது துறை. ஆயினும் அலுவலகத் தொலைபேசி அலுவலகத்துக்கு உரியது. தலைமையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஊழியர் அதில் எதையும் செருகலாகாது. மத்திய அரசு அலுவலகமாயின் சொல்லவே வேண்டுவதில்லை. போலீஸ் கட்டுப்பாட்டு அறை, விமான நிலையக் கோபுரம் முதலியவற்றில் பல தடங்கள் உடைய பெருங்கருவிகள் அகன்ற நாடாவில் இரவும் பகலும் பதிந்துவந்தன. இன்று அவ்விடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவை நிலையத்தின் பொறுப்பிலேயே நடப்பவை.

மூன்றாவது துறை காது. பேசுகிறவர் தம் காதுக்குள் வைத்துக்கொள்ளும் சிறு மைக். ரிசீவரை அதன்மேல் வைத்துப் பேச வேண்டும். மறுமுனைப் பேச்சு ரிசீவரிலிருந்தும், தம் பேச்சு காற்றிலிருந்தும் அதில் சேரும். வீட்டுத் தொலைபேசி, அலுவலகத் தொலைபேசி, கைப்பேசி என்ற வேற்றுமை இதற்கு இல்லை. எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. எடிசன் 1914-இல் ரிசீவரைத் தாங்கியில் வைத்ததும் இதே காற்றுவழிதான். பலவகைத் தொலைபேசிகளில் பேச நேரும் ஒருவர் ஒரே கருவிதான் வாங்க முடியுமென்றால் இதையே வாங்கலாம் என்பது என் கருத்து.

கைப்பேசியில் பதிவு செய்யும் செயலிகள் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் 2022 மே மாதத்தில் கூகுள் நிறுவனம் தன் கடையில் உள்ள பிறருடைய செயலிகளுக்கு அவ்வழியை அடைத்தது. கைப்பேசி செய்தவரே உள்ளே வைத்துத் தந்தால்தான் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2024 அக்டோபரில் இவ்வசதியைக் கொடுத்தபோது, பதிவு தொடங்குகிறது என்ற அறிவிப்பு இருவர் காதிலும் விழும்படி செய்தது. 1947-இன் 'பீப்' ஓசை வேறு வடிவில் வந்திருக்கிறது. பல்லாண்டுகளாக மௌனமாகப் பதிந்துவந்தவர்கள் இதை வெறுக்கிறார்கள். குத்தகைக்காரரிடம், "நாம் பேசுவதைப் பதிந்துகொள்கிறேன், பின்னால் இருவருக்கும் உதவும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவருக்கு அதனால் என்ன நட்டம்?

பதிந்தாயிற்று, பிறகு? ஏறநாட்டுச் சட்டமன்றத் தேர்தலைப் பற்றிய அன்வர் வழக்கில், மூலக்கருவியிலிருந்து நகலெடுத்த குறுந்தகடுகளைச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் ஏற்பதற்கில்லை என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் அத்தகைய சான்றிதழைக் கேட்கிறது. எனவே பதிந்த கருவியை விற்றுவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொள்வது அறிவுடைமையாகாது. நாள், நேரம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்பவற்றை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று.

மற்றொன்று, மொழி. நீதிமன்றத்துக்குப் போகும் ஒலிப்பதிவை யாரோ ஒருவர் எழுத்தில் பெயர்க்க வேண்டும். பிறகு மற்றொருவர் மொழிபெயர்க்க வேண்டும். எருத்தேன்பதியில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். 'வெள்ளம் வந்தது' என்று தோப்புக்காரர் தொலைபேசியில் சொன்னால், மலையாள வழக்கில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்று பொருள். தமிழ் வழக்கில் தோப்பு மூழ்கியது என்று பொருள். மழை மறைவுப் பிரதேசமான அவ்வூரில் முன்னது நற்செய்தி, பின்னது நட்டக்கணக்கு. 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு, தமிழில் மனைவி. அதுவும் போகட்டும், தமிழுக்குள்ளேயே 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல் இருக்கிறது. பணம் கேட்டவரிடம் ஒருவர் 'பார்க்கலாம்' என்றால் அது சம்மதமா, மறுப்பா? சொல்லின் இழுப்பையும் அதற்கு முன்னிருந்த மௌனத்தையும் கேட்டுத்தான் நாம் புரிந்துகொள்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் ஒரு தரப்புக்கு அநியாயமாகிவிடும். ஆகவே பேசும்போதே தொகையையும் நாளையும் எண்ணாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரையும் எண்ணாகவே திரும்பச் சொல்ல வைப்பது, விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிடப் பயன் தரும்.

வழக்குக்காகப் பதிந்தவை இவை. அதற்கென்று பதியாதவையும் பல வீடுகளில் இருக்கின்றன. 1990-களில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கூண்டுகளின் முன், இரவு நேரச் சலுகைக் கட்டணத்துக்காக வரிசையில் நின்று ஊருக்குப் பேசிய தலைமுறை நம்முடையது. அந்தக் கூண்டில் பதிவதற்கு வழியில்லை. பிறகு சொந்தத் தொலைபேசி வந்தபோது, அழைப்புக்கு விடை சொல்லும் கருவியைச் சிலர் வாங்கினர். பௌல்சன் தேடிய கருவியே அது. ஆளில்லாத வீட்டில் மணியடித்து, "நான்தான் அம்மா பேசுகிறேன், அப்புறமாகக் கூப்பிடு" என்று சிறு கேசட்டில் பதிந்துபோன குரல்கள் மேசை அறைகளில் கிடக்கின்றன. காந்த நாடாவில் பூசிய பொடி காலப்போக்கில் உதிரும். ஈரமும் வெப்பமும் உள்ள ஊர்களில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அத்தகைய கேசட் வைத்திருப்போர் அதை ஓட்டிப் பார்க்குமுன் ஒருமுறை முன்னும் பின்னும் முழுவதும் மெல்லச் சுற்றி, பின்னர் நல்ல கருவியில் ஓட்டி, அந்த ஒருமுறையிலேயே கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடுவது நல்லது. இரண்டாம் முறை ஓட்டுவதற்கு நாடா இடம் கொடுக்காமலும் போகலாம்.